குதிரையில் வந்தவர்கள்

எங்கள் ஊருக்கு வரலாறு எழுதியவர் ஒரு கரும்பு விவசாயி. 1965 வாக்கில் நிலத்தைத் தன் மைத்துனர் கையில் விட்டுவிட்டு, நெல்லிக்குப்பத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் முதன்முதலாகக் குடியேறியவர்களின் வாழ்க்கையைப் புத்தகமாகப் போடப்போவதாகச் சொன்னார். ஒரு வரிகூட எழுதுவதற்கு முன்பே சிதம்பரத்துக்குப் போய், கன்னத்தில் விரல் வைத்துப் படம் எடுத்துக்கொண்டு வந்தார். முதல் பக்கத்துக்காம்.

ஊரே அவரை மாமா என்றது. நானும் வாயால் அப்படித்தான் கூப்பிட்டேன்.

அவர் ஆராய்ச்சிக்குக் கிளம்புவது சாப்பாட்டு நேரத்தில். கறிக்குழம்பு வைத்த வீட்டு முன்னோருக்கு இரண்டு பக்கம், ரசத்தோடு நிறுத்திக்கொண்ட வீட்டுக்கு அரைப் பக்கம். அவருடைய முதல் கேள்வி, "ஒங்க ஆளு எதுல வந்தாரு?" எங்கிருந்து, ஏன் என்பதெல்லாம் அப்புறம். நடந்து வந்தார் என்று சொன்னால் முகம் சுருங்கிவிடும். "நல்லா யோசிச்சுப் பாருப்பா. குதிரை கிதிரை ஏதாச்சும்..." யோசித்தவர்களுக்கெல்லாம் குதிரை ஞாபகம் வந்தது. ஒருவர் வெள்ளைக் குதிரை என்றதும் எதிர்வீட்டுக்காரர் இரண்டு குதிரை என்றார். ஒரு கழுதைக்குத் தீனி போட வக்கில்லாத குடும்பங்கள்.

அந்தப் புத்தகத்தில் தன் அப்பாவும் வரவேண்டும் என்று என் அப்பாவுக்கு ஆசை. தாத்தா ஸ்ரீமுஷ்ணம் பக்கத்திலிருந்து கரும்பு வெட்ட நடந்தே வந்தவர். வெட்டு முடிந்து கூட வந்தவர்கள் திரும்பிப் போனபோது, இவர் மட்டும் முள்ளுக்காட்டில் ஒரு காணியைத் திருத்திக்கொண்டு தங்கிவிட்டார். அவருக்கு ஒரு படம் கிடையாது. அப்பாவுக்குப் படிக்கத் தெரியாது. அதனாலோ என்னவோ, அச்சில் வந்துவிட்டால் அழியாது என்று நம்பினார்.

அப்பா கேட்கப் போனபோது நானும் கூடப் போனேன்.

"வெட்டாளுங்களெல்லாம் போட்டா புத்தகம் தாங்காது மச்சான்," என்றார் வரலாற்றாசிரியர். "ஒங்கப்பா குடியேறல. வந்தாரு, தங்கிட்டாரு. அது வேற."

"எது வேற? உங்க வீட்டாளுங்க வந்துட்டுப் போயிட்டாங்களா?"

"கோச்சுக்காத. ஒரு குதிரை சொல்லு, நாலு வரி போடறேன்."

"எங்கப்பா குதிரைய கிட்டத்துல பாத்ததுகூட இல்ல மாமா," என்று அப்பா எழுந்துவிட்டார். எனக்குச் சொல்ல நிறைய இருந்தது. அப்பா பின்னாலேயே வெளியே நடந்தேன்.

பொங்கலுக்கு மறுநாள் பிள்ளையார் கோயில் முன்னால் ஊரைக் கூட்டி, எழுதியதை அவரே படித்தார். ஒவ்வொரு வீட்டு முன்னோராகக் குதிரையில் வந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். வந்தவர் வீட்டார் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு மற்றவர்களைப் பார்த்தார்கள். பார்க்கச் சகிக்கவில்லை.

டீக்கடை பாய்தான் கேட்டார். "ஏன் மாமா, இத்தினி குதிரைக்கும் யாரு புல்லு அறுத்தா?"

சிரிப்பு அடங்குவதற்குள் அப்பா எழுந்து நின்றார். "எங்கப்பாதான். புல்லு பத்தாதப்ப கரும்புத் தோகையும் போட்டாரு."

கூட்டம் இன்னும் சிரித்தது. வரலாற்றாசிரியர் மட்டும் சிரிக்கவில்லை. பேனாவைத் திறந்துகொண்டு, "எந்தெந்த வீட்டுக் குதிரைக்கு?" என்று கேட்டார். அப்பா கொஞ்சமும் கூசாமல் முன்வரிசையில் இருந்தவர்களை ஒவ்வொருவராகக் காட்டினார். அவரும் எழுதிக்கொண்டார். காட்டப்பட்டவர்களால் மறுக்க முடியவில்லை. மறுத்தால் குதிரையும் போய்விடும்.

கடலூரில் அச்சாகிப் புத்தகம் வந்தது. கடைசிப் பக்கத்தில் தாத்தா இருந்தார்: 'அசுவங்களுக்குத் தீவனம் ஈந்து காத்த பெருந்தகை, ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து வந்து குடியேறியவர்.'

அப்பா என்னைப் படிக்கச் சொன்னார். படித்தேன்.

"குதிரைய வுடு," என்றார். "அதுக்கப்புறம் இருக்கிறத மட்டும் படி."

மறுபடியும் படித்தேன். அந்த ஆள் எழுதியதில் நான் வாய்விட்டுப் படித்தது அது ஒன்றுதான்.