என்ஜினைக் கழுவிய பாவம்

எங்கள் கார் சிக்னலில் நின்றால் பக்கத்தில் நிற்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். ரிச்மண்ட் சர்க்கிளில் ஓர் ஆட்டோக்காரர் தலையை நீட்டி, “டீசல் காடினா சார்?” என்று கன்னடத்தில் அக்கறையாக விசாரித்தார். பெட்ரோல் வண்டி என்று சொல்ல வெட்கமாக இருந்தது. டீசல்தான் என்று தலையாட்டிவிட்டேன்.

காலையில் சாவியைத் திருப்பினால் டக் டக் டக். சிக்னலில் நின்றால் குளிர் ஜுரம் கண்டதுபோல ஓர் உதறல். கண்ணாடியில் தெரியும் பெங்களூரும் சேர்ந்து உதறும். எனக்கு அதெல்லாம் ஒரு குறையாகவே படவில்லை. விவேக் நகரில் எங்களுக்கு இரண்டு அறை. ஒன்றில் டி.வி., இன்னொன்றில் பரீட்சைக்குப் படிக்கும் மகள். விவேக் நகரிலிருந்து பீன்யாவில் இருக்கும் என் ஆபீஸுக்குப் போக ஒன்றரை மணி நேரம், திரும்ப இரண்டு. இந்த ஊரில் எனக்கென்று இருந்த ஒரே தனி அறை அந்த வண்டிதான். நான் எழுதுகிற கவிதை வரி எதையும் முதலில் வாயால் சொல்லிப் பார்த்துத்தான் எழுதுவேன். வீட்டில் சொன்னால் “யார்கிட்ட பேசறீங்க?” என்பார்கள். வண்டி கேட்காது. அது பாட்டுக்குத் தட்டிக்கொண்டிருக்கும், நான் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டிருப்பேன்.

என் மனைவி அதில் ஏறுவதைக் குறைத்துக்கொண்டு வெகுநாளாகிவிட்டது. மல்லேஸ்வரத்தில் ஒரு கண் ஆஸ்பத்திரியில் அவளுக்கு வேலை. என் வழியில்தான் இருக்கிறது. ஆனாலும் பஸ், பிறகு மெட்ரோ என்று மாறி மாறிப் போவாள். “உங்க வண்டில வந்தா இடுப்பெலும்ப எண்ணிப் பாத்துக்கலாம்” என்பாள்.

ஒரு நாள் தீர்ப்பே சொல்லிவிட்டாள். “ஞாயித்துக்கெழம ஓசூர்ல அக்கா வீட்டுக்குப் போணும். அதுக்குள்ள இந்தச் சத்தம் நிக்கணும். இல்லன்னா வித்துடுங்க. பீன்யாவுக்குத்தான் மெட்ரோ போகுதே.”

மெட்ரோவில் முன்னூறு பேருக்கு நடுவில் நின்று ஒரு வரியை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். அடுத்த ஸ்டேஷனில் இறக்கி விடுவார்கள். அன்று மாலையே பிரேசர் டவுனுக்கு வண்டியை விட்டேன்.

அங்கே மெக்கானிக் பாய் என்ஜின் மேலிருந்த ஆயில் மூடியைத் திருகி எடுத்து உள்ளே விரலை விட்டார். கறுப்பாக, களிபோல ஏதோ ஒட்டிக்கொண்டு வந்தது. என் மூக்குக்கு நேராக நீட்டினார்.

“அரே சார், என்ஜினா இது, லேகியம் கிண்டற சட்டியா? ஆயில் எப்ப மாத்துனீங்க?”

“குறையக் குறைய ஊத்திட்டுத்தான் இருக்கேன் பாய். ஒரு நாள்கூட வறண்டதில்ல” என்றேன், கொஞ்சம் பெருமையாகவே.

“ஊத்துனீங்க சரி. பழசு எங்க போச்சுன்னு கேட்டீங்களா? அது போவல சார். உள்ளயே குடித்தனம் பண்ணுது.”

பிறகு விளக்கினார். பீன்யா வரை முதல் கியர், இரண்டாம் கியர் என்றே நகர்ந்து நகர்ந்து வண்டிக்கு ஒரு நாளும் முழு மூச்சு கிடைக்கவில்லை. ஆயில் கெட்டியாகி வழிகளை அடைத்துவிட்டது. மேலே வால்வுகளைத் தட்டித் திறக்கும் டாப்பெட்டுகளுக்கு ஆயில் ஏறாமல் வறட்டுத் தட்டு. காற்று போகும் குழாயில் கரி, அதனால் உதறல்.

“ஓடணும்னு துடிக்குது சார் இது. நீங்க நடக்க வெச்சே கெடுத்துட்டீங்க.”

ஊர் ஊராகப் போகவேண்டும் என்று இருபது வயதில் துடித்தவனிடம், விவேக் நகருக்கும் பீன்யாவுக்கும் நடுவிலேயே ஐம்பதைத் தொட்டவனிடம், இதை இவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டார்.

மூன்று நாள் வேலை. ஆபீஸ் விட்டதும் போய் ஒரு பழைய டயர்மேல் உட்கார்ந்து பார்ப்பேன். கழுவுகிற மருந்தைப் பழைய ஆயிலிலேயே ஊற்றிப் பத்து நிமிடம் ஓடவிட்டு, கீழே வடித்தார். இறங்கிய கறுப்பு அவ்வளவு நிதானமாக, அவ்வளவு பளபளப்பாக, ஓர் இரவே திரவமாகி வருவதுபோல வந்தது. அழகு என்று சொல்ல வாயெடுத்தேன். “த்தூ” என்றார் பாய். அடியில் ஆயில் தேங்கும் தட்டைக் கழற்றினார். உள்ளே சல்லடையில் ஒரு துளைகூடத் திறந்திருக்கவில்லை. காற்றுக் குழாயின் கரியைப் பல் தேய்க்கும் பிரஷ்ஷால் தேய்த்தார். புது ஆயில், புது ஃபில்டர். கண்ணாடியின் மூலையில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டி, அடுத்த ஆயில் எத்தனையாவது கிலோமீட்டரில் என்று எழுதினார்.

“ஹைவேல தேர்டு கியர்ல கொஞ்சம் வெரட்டுங்க. மிச்சக் கரியும் போயிடும்.”

ஞாயிறு காலை சாவியைத் திருப்பினேன். சத்தமே இல்லை. ஸ்டார்ட் ஆகவில்லை போலிருக்கிறது என்று மறுபடி திருப்பினேன். கிர்ர்ர் என்று அலறியது.

“ஓடிட்டுதான் இருக்கு” என்றாள் மனைவி.

எலக்ட்ரானிக் சிட்டி மேம்பாலத்தில் பாய் சொன்னபடி விரட்டினேன். வண்டி தண்ணீரில் விட்ட மீன்போலப் போனது. அத்திப்பள்ளி அருகில் முன்னால் ஒரு லாரி.

“லாரி, லாரி! ப்ரேக்க போடுங்க.”

“வந்துட்டாங்கப்பா ட்ராஃபிக் டி.சி.பி.” என்றேன், வாய்க்குள்.

“யாரு டி.சி.பி.?”

அப்போதுதான் உறைத்தது. இந்த வண்டியில் அவள் சொன்ன ஒவ்வொன்றுக்கும் பன்னிரண்டு வருடமாக நான் வாய்க்குள் பதில் சொல்லி வந்திருக்கிறேன். அத்தனையையும் அந்த டக் டக் மூடி வைத்திருந்தது.

“இத்தன வருஷமா இப்டிதான் முனகிட்டு வந்தீங்களா?”

“இல்லம்மா, இன்னைக்குத்தான்...”

ஓசூர் வரை அவள் ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தாள். அக்கா வீட்டில் சாப்பிடும்போதே, வண்டி போய்விட்டது, இனி மெட்ரோதான் என்று முடிவே கட்டிவிட்டேன். திரும்பும்போது சில்க் போர்டு நெரிசலில் நின்றோம். உதறல் இல்லை. அவள் சீட்டில் நன்றாகச் சாய்ந்துகொண்டாள்.

“வண்டிய விக்க வேணாங்க.”

எனக்கு உயிர் வந்தது.

“இவ்ளோ அமைதியா போகுதே. நாளைலருந்து நானும் இதுலயே வரேன். மல்லேஸ்வரத்துல எறக்கி விட்டுடுங்க.”

திங்கட்கிழமை காலை டிபன் பையை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். இரவு பெய்த மழை விட்டிருந்தது. மேம்பாலம் ஏறும்போது, பழக்கதோஷம், ஒரு வரி வாயில் வந்துவிட்டது.

“இன்னா? டி.சி.பி. பத்தியா?”

“இல்ல. ‘நனைந்த மேம்பாலத்தில் வெயில் காய்கிறது’ன்னு...”

அவள் வெளியே எட்டிப் பார்த்தாள். “வெயில் எப்டிங்க காயும்? பாலந்தான காயுது.”

சரிதான். பாலம்தான் காய்ந்துகொண்டிருந்தது. அதற்குமேல் ஒரு வரியும் வரவில்லை.

மல்லேஸ்வரம் நெருங்கும்போது சிக்னல் விழுந்தது. வண்டி ஓடுவதே தெரியவில்லை. என் கண் கண்ணாடி மூலையிலிருந்த ஸ்டிக்கருக்குப் போனது. அந்தக் கிலோமீட்டரை மறந்துவிட்டு, முன்போல ஊற்றி ஊற்றியே ஓட்டினால் அந்தச் சத்தம் திரும்பிவர எத்தனை வருடமாகும் என்று மனதுக்குள் கணக்குப் போட்டேன். மனதுக்குள்தான். சத்தியமாக வாய் அசையவில்லை.

“ஆயில் மாத்தறதுதான? நான் போன்ல போட்டு வெச்சுட்டேன்” என்றாள். “பாய் நம்பர் வாங்கிக் குடுங்க. நானே பேசிக்கறேன்.”