நர்ஸம்மா ஓட்டிய என் வண்டி

பனவடலிசத்திரம் தாண்டியதும் ஒரு பெண் கைகாட்டி என் மோட்டார் சைக்கிளை நிறுத்துகிறார். வெள்ளைச் சேலை, தோளில் பை. கிராமத்து நர்ஸ் என்று தெரிகிறது. அவருடைய மொபெட் கிளம்பாமல் புளியமரத்தடியில் நிற்கிறது.

"அண்ணாச்சி, காட்டுக்குள்ள ஒரு வீட்டுல பிரசவம். வலி எடுத்து ரொம்ப நேரமாச்சாம்."

"ஏறுங்கம்மா."

"நீங்க பின்னால உக்காருங்க. குளத்தங்கரை வழியா போணும், அந்தப் பாதை எனக்குத்தான் பழக்கம்."

வண்டி வாங்கி ஒரு மாதம்தான் ஆகிறது. என் தம்பிக்குக்கூட இன்னும் சாவி கொடுத்ததில்லை. கியர் வண்டி ஓட்ட வருமா என்று தயங்கிக் கேட்கிறேன்.

"எங்க வீட்டுக்காரர் வண்டிய ஓட்டுதேன்லா!"

பின்னால் நகர்ந்து, அவர் பையை மடியில் வைத்துக்கொள்கிறேன். சேலையைச் செருகிக்கொண்டு கிளப்புகிறார். கரையில் ஒருபக்கம் தண்ணீர், மறுபக்கம் பள்ளம். முதல் வளைவில் கண்ணை மூடிக்கொள்கிறேன். இரண்டாவது வளைவில் திறந்து பார்க்கிறேன். என்னைவிட நன்றாகவே ஓட்டுகிறார்.

வீடு வந்ததும் பையை வாங்கிக்கொண்டு உள்ளே ஓடுகிறார். பிறக்கப்போகும் குழந்தையின் தகப்பன் எனக்கு மோர் கொண்டு வருகிறார். வரும் வழியிலேயே பாதி சிந்திவிடுகிறது. இருவரும் வாசலில் நிற்கிறோம். வெயில் தாழும்போது உள்ளே குழந்தை வீறிட்டு அழுகிறது. அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிடுகிறார்.

நர்ஸம்மா கையைத் துடைத்தபடி வெளியே வருகிறார்.

"பொம்பளப் புள்ள. தாயும் புள்ளையும் சொகமா இருக்காவ" என்று அவரிடம் சொல்லிவிட்டு, என் பக்கம் திரும்புகிறார்.

"அண்ணாச்சி, உங்க வண்டில கிளட்ச் கேபிள் லூசா இருக்கு. சங்கரன்கோவில்ல காட்டிட்டுப் போங்க."