பேர்த்தில் இருந்த அப்பா

எங்கள் ஆட்களுக்கு ஜெனிவாவில் இருக்கும் நம்பிக்கை தங்கள் வழக்கறிஞரிடம் இருப்பதில்லை. இது என் நெடுநாள் கோபம். பரமட்டாவில், ஒரு பல் வைத்தியரின் கிளினிக்குக்கு மேல்மாடியில், குடிவரவு வழக்குகளைப் பார்க்கும் சின்ன அலுவலகம் வைத்திருக்கிறேன். கொழும்பில் சட்டம் படித்து, சிட்னிக்கு வந்து அதையே மறுபடி படித்துச் சோதனை எழுதியவள். என் மேசைக்கு முன்னால் வந்து உட்காருகிறவர்களிடம் விசாவைப் பற்றிக் கேட்டால் ஐக்கிய நாடுகள் சபையைப் பற்றிப் பதில் சொல்வார்கள். எந்த நாடு எந்த உடன்படிக்கையில் கையெழுத்திட்டது, எந்த நாடு மழுப்பியது என்பதெல்லாம் விரல்நுனியில் இருக்கும். தங்களுடைய விசா எந்த வகை என்பது மட்டும் தெரியாது.

வென்ட்வேர்த்வில்லிலிருந்து அந்தப் பெண் வந்தபோதும் கதை ஜெனிவாவில்தான் தொடங்கியது. முதியோர் இல்லம் ஒன்றில் வேலை செய்கிறவள். சீருடையைக்கூட மாற்றாமல் வந்திருந்தாள். கணவன் வில்லாவுட் தடுப்பு முகாமில் இருந்தான். இலங்கைக்குத் திருப்பி அனுப்பப்படும் நிலை.

"அக்கா, சிறுவர் உரிமை ஒப்பந்தத்தில ஒஸ்ரேலியா கையெழுத்துப் போட்டிருக்குத்தானே? பிள்ளையைத் தாய் தகப்பனிட்ட இருந்து பிரிக்கக்கூடாது எண்டு அதில கிடக்காம். கோயில்ல ஒரு அங்கிள் சொன்னவர். அப்ப இவரை அனுப்ப ஏலாதுதானே?"

அந்த அங்கிளை எனக்குத் தெரியாது. ஆனால் என் வேலையில் பாதியை அவரும் அவரைப் போன்றவர்களும்தான் உண்டாக்குகிறார்கள்.

கணவனின் கதை நீளமில்லை. பிறந்தநாள் விருந்தொன்றில் விஸ்கி குடித்துவிட்டுக் காரை எடுத்தான். நடைபாதையில் போய்க்கொண்டிருந்த ஒரு மாணவியை இடித்தான். அந்தப் பிள்ளை உயிர் தப்பினாள்; இன்றைக்கும் கோல் ஊன்றித்தான் நடக்கிறாள். அதற்கு முன்பும் ஒருமுறை குடித்துவிட்டு ஓட்டி அபராதம் கட்டியவன். இந்த முறை சிறை. பன்னிரண்டு மாதமோ அதற்கு மேலோ சிறைத்தண்டனை பெற்ற வெளிநாட்டவரின் விசா இந்த நாட்டில் தானாகவே போய்விடும். குடியுரிமை எடுத்திருந்தால் தப்பியிருப்பான். ஊரில் இருக்கும் காணி கைவிட்டுப் போகுமோ என்ற பயத்தில், அடுத்த வருடம், அடுத்த வருடம் என்று தள்ளிக்கொண்டே வந்திருக்கிறான். மனைவி பிரஜை. மகள் இங்கே பிறந்தவள், அவளும் பிரஜை. நாலாம் வகுப்பு.

நான் அவளுக்கு விளக்க வேண்டியிருந்தது. எங்கள் கல்யாணங்களில் எழுத்து என்று ஒன்று இருக்கிறது அல்லவா? பதிவாளர் முன்னால் கையெழுத்து வைத்துவிடுவோம். ஆனாலும் தாலி கட்டும் வரை பெண்ணை மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்புவதில்லை. ஆஸ்திரேலியா உலக உடன்படிக்கையில் கையெழுத்திடுவது அந்த எழுத்து மாதிரி. நாடாளுமன்றம் அதைத் தன் சட்டமாக்கும் வரை நீதிமன்றத்தில் அதை வைத்து எதையும் கேட்டு வாங்க முடியாது. சிறுவர் உரிமை உடன்படிக்கையை முழுதாகச் சட்டமாக்கவே இல்லை.

"அப்ப சும்மாவா கையெழுத்துப் போட்டவை?" என்று கேட்டாள்.

அந்தக் கேள்வியை இந்த நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றமும் ஒருகாலத்தில் கேட்டிருக்கிறது. மலேசியாவிலிருந்து வந்த ஒரு தகப்பனின் வழக்கு அது; குற்றவாளி, வீடு நிறையப் பிள்ளைகள். கையெழுத்து என்பது வெறும் அலங்காரம் இல்லை, பிள்ளைகளின் நலனை அதிகாரிகள் முதன்மையாக எண்ணிப் பார்ப்பார்கள் என்று மக்கள் எதிர்பார்க்கலாம் என்று நீதிபதிகள் சொன்னார்கள். அரசாங்கம் பதறிப்போய், அப்படியெல்லாம் எதிர்பார்க்க வேண்டாம் என்று அறிக்கை விட்டது. ஆனாலும் அந்த எண்ணம் அடியோடு அழியவில்லை. இன்று விசா பறிப்பு வழக்குகளைத் தீர்மானிக்கிறவர்களுக்கு அமைச்சர் பிறப்பித்திருக்கும் ஆணையில், கவனிக்க வேண்டிய முக்கிய விஷயங்களில் ஒன்றாகப் பிள்ளையின் நலன் இருக்கிறது. தகப்பனோடு எவ்வளவு உறவு, பிரிந்தால் என்ன பாதிப்பு, பிள்ளையின் சொந்த விருப்பம் என்ன என்றெல்லாம் பார்க்க வேண்டும். உலகமெல்லாம் கூடி எழுதிய அந்த உடன்படிக்கையில் எங்கள் வழக்குக்கு வந்து சேர்ந்தது அந்தச் சில வரிகள்தான். அவற்றைப் பிடித்துக்கொண்டுதான் நான் வாதாட வேண்டும்.

ஆகவே கேட்டேன்: "பிள்ளை எப்பிடி, கிழமைக்கு ஒருக்கா வில்லாவுட்டுக்குப் போறவவோ?"

அவள் கைகளைப் பார்த்துக்கொண்டு இருந்தாள்.

"பிள்ளைக்குத் தெரியாது அக்கா. அப்பா பேர்த்தில, மைன்ஸில வேலை செய்யிறார் எண்டு சொல்லி வைச்சிருக்கிறம்."

சிறைக்குப் போன நாளிலிருந்தே அவன் பேர்த்தில்தான்; நாட்டின் மறுகரையில், சுரங்க வேலை. சிறையிலிருந்து அழைப்பு வந்தால், இது சிறைச்சாலை அழைப்பு என்று முதலில் ஒரு குரல் சொல்லும். அது முடியும் வரை தாய் தொலைபேசியைத் தன் காதில் வைத்திருந்து, பிறகுதான் மகளிடம் கொடுப்பாள். வில்லாவுட்டுக்கு வந்த பின் அவனிடம் சொந்தத் தொலைபேசி இருந்ததால் சுலபமாயிற்று. ஒவ்வொரு மாலையும் பேசினான். சிட்னியில் இருட்டியிருக்கும்போது, "இஞ்ச இன்னும் பொழுதுபடேல்லை குஞ்சு" என்பான். பேர்த் நேரம் பிந்தியது என்பதை மறக்காத மனுஷன். வீட்டிலிருந்து வில்லாவுட்டுக்குக் காரில் போனால் நாலைந்து பாட்டுக் கேட்டு முடிக்கவும் நேரம் போதாது. அத்தனை பக்கத்தில் இருந்துகொண்டு பாலைவனத்து வெக்கையைப் பற்றிப் பேசியிருக்கிறான். கோயிலில், சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில், கடைகளில், எல்லா அன்ரிமாருக்கும் உண்மை தெரியும். பிள்ளையைக் கண்டால் எல்லோரும் "அப்பா பேர்த்தில சுகமா இருக்கிறாரோ?" என்று கேட்டார்கள்.

கோபம் வந்தது. ஆனால் ஆச்சரியம் வரவில்லை. எங்கள் வீடுகளில் பிள்ளைக்குத் தெரியக்கூடாதவை நிறைய. நான் சின்னவளாக இருந்தபோது, காணாமல் போன என் மாமா ஜெர்மனியில் இருந்தார். எனக்குக் கல்யாணம் ஆகும் வரைக்கும் அங்கேயே இருந்தார்.

விசாவைத் திருப்பிக் கேட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போனோம். அரசாங்கத் தரப்பின் வாதம் எழுத்தில் வந்தபோது, நான் பயந்தது அப்படியே அதில் இருந்தது. பிள்ளை ஒருமுறைகூடத் தகப்பனைப் பார்க்கப் போகவில்லை. பள்ளியில் நன்றாகப் படிக்கிறாள், நன்றாகத் தூங்குகிறாள், தகப்பன் இல்லாத வாழ்க்கைக்குப் பழகிவிட்டாள். உறவு தொலைபேசியில் நடக்கிறது. தொலைபேசி உறவை யாழ்ப்பாணத்திலிருந்தும் தொடரலாம். பிள்ளைக்கு விஷயமே தெரியாததால் அவளுடைய விருப்பம் என்று எதுவும் பதிவில் இல்லை.

அதை எழுதிய இளம் வழக்கறிஞரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பிள்ளை உடைந்துவிடக் கூடாது என்று இவர்கள் கட்டிக் காத்ததைத்தான் அவர் எடுத்து வைத்திருந்தார். பொய் அவ்வளவு நன்றாக வேலை செய்திருந்தது. பிள்ளை உடையவில்லை என்பதே இப்போது தகப்பனை அனுப்புவதற்குக் காரணமாகிவிட்டது.

எங்கள் தரப்பில் சொல்ல வேண்டியதெல்லாம் விசாரணைக்கு இரண்டு வேலை நாள் முன்பே எழுத்தில் போய்ச் சேர வேண்டும். பிந்தினால் எடுக்கமாட்டார்கள். சிறுவர்களிடம் பேசிப் பழகிய ஓர் உளவியலாளரை ஏற்பாடு செய்துவிட்டு வில்லாவுட்டுக்குப் போனேன். பார்வையாளர் அறையில் அவன் எனக்கு எதிரே உட்கார்ந்தான். மெலிந்து போயிருந்தான். சட்டையை நன்றாக மடிப்புக் கலையாமல் போட்டிருந்தான்.

"மகளுக்குச் சொல்லோணும்," என்றேன்.

"வேண்டாம் அக்கா. அவ என்னை இதுக்குள்ள வந்து பாக்கவேண்டாம். அனுப்பினா அனுப்பட்டும்."

"அனுப்பினாப் பிறகு என்ன சொல்லுவீங்கள்? பேர்த்தில இருந்து வேலை மாற்றலாகி யாழ்ப்பாணம் போட்டன் எண்டோ?"

நான் விடவில்லை. "தம்பி, உங்களைப் பற்றி நான் என்னத்தைச் சொன்னாலும் அங்க எடுபடாது. நீங்கள் ஒரு பிள்ளையின்ர காலை முறிச்சனீங்கள். அது உண்மை. உங்கட மகளின்ர வாயால வாறது மட்டுந்தான் அங்க நிக்கும். அந்த வாயை நீங்களே பொத்தி வைச்சிருக்கிறீங்கள்."

இதைவிட மெதுவாகச் சொல்லியிருக்கலாம் என்று நினைப்பதில்லை. மெதுவாகச் சொல்ல நாள் இருக்கவில்லை. அவன் நெடுநேரம் அழுதான். பிறகு, "அவவின்ர அம்மாவே சொல்லட்டும், வேற ஆக்கள் வேண்டாம்" என்றான்.

தாய் ஞாயிற்றுக்கிழமை காலை, குசினியில், தோசை சுட்டுக்கொண்டே சொன்னாளாம். முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை என்றாள். மகள் சாப்பிட்டு முடித்தாள், சாப்பிட்ட கோப்பையைக் கழுவி வைத்தாள், அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். பின்னேரம் வெளியே வந்து ஆங்கிலத்தில் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: வேறு யார் யாருக்குத் தெரியும்? தாய் உண்மையைச் சொன்னாள். அன்றிலிருந்து அந்தப் பிள்ளை தமிழ்ப் பள்ளிக்குப் போகமாட்டேன் என்றுவிட்டாள்.

வில்லாவுட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனபோது தகப்பனைக் கட்டிப்பிடிக்கவில்லை. தாயின் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, நேரம் முடியும் வரை அவனைப் பார்த்துக்கொண்டே இருந்தாளாம். அதைக் கேட்டதும், வழக்கு போயிற்று என்று நினைத்தேன். பிள்ளையைப் பேச விட்டால் எங்களுக்கு வேண்டியதைத்தான் பேசுவாள் என்று எந்த உடன்படிக்கையும் உறுதி தரவில்லை.

உளவியலாளரின் அறிக்கை கெடு முடிவதற்குச் சற்று முன்னால்தான் வந்தது. பிள்ளை எதையும் மறைக்கவில்லை. ஒருநாள் மாலை சிட்னியில் பெரிய இடி இடித்தபோது, தொலைபேசிக்குள்ளும் அதே இடியைக் கேட்டிருக்கிறாள். அங்கே மழையா என்று கேட்டதற்கு, இல்லை, வெயில் என்று அப்பா சொன்னார். அம்மாவிடம் கேட்டபோது, அது தொலைக்காட்சிச் சத்தம் என்றாள். இரண்டு பேரும் சொன்னதால் நம்பினேன் என்றிருக்கிறாள். இனி அப்பா சொல்லும் எதையும் நம்பப் போவதில்லை என்றும் சொல்லியிருக்கிறாள். அவரை அனுப்பலாமா, வைத்திருக்கலாமா என்று கேட்டதற்கு அவள் சொன்ன பதிலை உளவியலாளர் அப்படியே எழுதியிருந்தார்: "எனக்கு அவரோடு கோபம் இன்னும் முடியவில்லை. அது முடியும் வரைக்கும் அவர் இங்கே இருக்க வேண்டும்."

நான் அதை இரண்டு முறை வாசித்தேன். இத்தனை வருடத்தில் பிள்ளையின் நலன் என்ற தலைப்பின் கீழ் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன். அதெல்லாம் இந்த இரண்டு வரிக்கு உறை போடக் காணாது.

விசாரணையில் தீர்ப்பாய உறுப்பினர் அந்த வரிகளைத் தானே சத்தமாக வாசித்தார். நிதானமான மனிதர். தகப்பன் தலையைக் குனிந்துகொண்டான். அரசாங்கத் தரப்பு வழக்கறிஞரும், பிள்ளைக்கும் தகப்பனுக்கும் உள்ள உறவு பற்றித் தாங்கள் முன்பு எழுதியதை இனி வலியுறுத்தவில்லை என்றார். வெளியே வந்தபோது தாய் என் கையைப் பிடித்தாள். நானும் வெளியே காட்டாமல் நம்பத் தொடங்கினேன்.

முடிவு சில வாரங்களுக்குப் பிறகு வந்தது. பிள்ளையின் நலன், விசாவைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்ற பக்கத்தில் மிகக் கனமாக நிற்கிறது என்று உறுப்பினர் எழுதியிருந்தார். பிள்ளையின் வார்த்தைகளையும் எடுத்து எழுதியிருந்தார். ஆனால் சமூகத்தின் பாதுகாப்புக்குப் பொதுவாகக் கூடிய நிறை கொடுக்க வேண்டும் என்பதும் அமைச்சரின் அதே ஆணையில்தான் இருக்கிறது. குடித்துவிட்டு ஓட்டியது இது முதல் தடவை இல்லை. இன்னொரு வீட்டின் பிள்ளை ஆயுள் முழுக்கக் கோலோடு நடக்கிறாள். இரண்டையும் நிறுத்துப் பார்த்தால் மற்றப் பக்கம் தாழ்கிறது. விசா இல்லை.

மேலே நீதிமன்றத்துக்குப் போக வேண்டுமானால் அவர் சட்டத்தில் பிழை விட்டிருக்க வேண்டும். தேடினேன். வரிக்கு வரி தேடினேன். பிழை இல்லை. இருந்திருந்தால் அதைப் பிடித்துத் தொங்கியிருப்பேன். பிள்ளையைக் கேட்க வேண்டும் என்றது உடன்படிக்கை, கேட்டார்கள். எண்ணிப் பார்க்க வேண்டும் என்றது, எண்ணிப் பார்த்தார்கள். அதற்கு மேல் அது இந்த நாட்டில் யாரையும் கட்டுப்படுத்தவில்லை.

தாயை அலுவலகத்துக்கு வரச் சொன்னேன். மகளையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள். பிள்ளையை வெளியே உட்கார வைப்போமா என்று கேட்டேன்.

"வேண்டாம் அக்கா. இனி ஒண்டும் ஒளிக்கிறேல்லை எண்டு சொல்லிப்போட்டன். அவவுக்கு முன்னால சொல்லுங்கோ."

சொன்னேன். தாய் சத்தம் போடாமல் அழுதாள். மகள் அழவில்லை. பள்ளிச் சீருடையில், கால் தரையில் முட்டாமல், நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். பிறகு என்னைப் பார்த்து ஆங்கிலத்தில் கேட்டாள்:

"நான் சொன்னதை அந்த முடிவு எழுதியவர் வாசித்தாரா?"

"வாசித்தார். எல்லோருக்கும் கேட்க, சத்தமாக வாசித்தார்."

அவள் அதை யோசித்தாள்.

"அப்படியென்றால் தெரிந்துகொண்டுதான் அப்பாவை அனுப்புகிறாரா?"

பிள்ளையின் நலன் முக்கிய விஷயங்களில் ஒன்று, பல விஷயங்களை நிறுத்துப் பார்க்க வேண்டும், அவருடைய கையில் எல்லாம் இல்லை என்றெல்லாம் சொல்லத் தயாராக வைத்திருந்தேன். பெரியவர்களுக்கு எப்போதும் அதைத்தான் சொல்லுவேன். தாய் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஓம்," என்றேன் அந்தப் பிள்ளையிடம். "தெரிந்துகொண்டுதான்."