தனியாகப் போட்ட டிக்கெட்

இரணியல் ரயில் நிலையத்துக்குப் போகும் சாலையில் ஷைஜாவுக்கு ஒரு சின்னக் கடை. ஜெராக்ஸ் எடுப்பாள், விண்ணப்பம் நிரப்புவாள், டிக்கெட் போட்டுக் கொடுப்பாள். பதினான்கு வருடங்களாக எங்கள் வட்டாரத்து ஆட்கள் மஸ்கட்டுக்கும் பெங்களூருக்கும் போய் வந்தது அவள் கையால்தான். காலை பத்து மணிக்குத் தட்கல் திறந்தால் இரண்டு நிமிடத்துக்குள் சீட் பிடித்துவிடுவாள் என்று பேர். ஆனால் அவள் போனது திருச்சிக்கு ஒரு கல்யாணத்துக்கும் சென்னைக்கு ஒரு தடவையும், அவ்வளவுதான். கணவன் பெனிஷ் ஒரு தனியார் கல்லூரியில் ஆய்வக உதவியாளன். மகள் சுஜி ஒன்பதாம் வகுப்பு.

இரண்டு வருடம் முன்பு ஜனவரியில் குடும்ப வாட்ஸ்ஆப் குழுவில் ஒரு படம் வந்தது. பெனிஷின் தம்பி மனைவி ஷிஜி, சிவப்பு ஜாக்கெட்டும் கறுப்புக் கண்ணாடியும் போட்டு, காலில் ஸ்கீ பலகைகளோடு வெள்ளைவெளேரென்ற பனியில் நின்றாள். கீழே ‘குல்மார்க்’ என்று எழுதியிருந்தது. அவள் கணவன் அபினுக்கு ஓமனில் வேலை. லீவுக்கு வந்தவன், நாகர்கோவிலில் ஒரு டிராவல்ஸில் பாக்கேஜ் எடுத்து மனைவி பிள்ளைகளைக் காஷ்மீர் கூட்டிப் போயிருந்தான். கடையில் மூன்று பேர் காத்துக்கொண்டிருந்தபோது ஷைஜா அந்தப் படத்தை விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள். அன்றைக்கு ஒருவருக்கு ஆதார் அட்டையின் பின்பக்கத்தை நகலெடுக்க மறந்துபோனாள்.

அவர்கள் திரும்பி வந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து எல்லோரும் மாமியார் நேசம்மாள் வீட்டில் சாப்பிட்டார்கள். ஷிஜி குங்குமப்பூவும் வால்நட்டும் பங்கிட்டுக் கொடுத்தாள். விமான நிலையத்தில் பேர் எழுதிய அட்டையோடு ஆள் நின்றதையும், பஸ், ஹோட்டல், சாப்பாடு என எதையும் தாங்கள் யோசிக்கவே தேவையிருக்கவில்லை என்பதையும் சொன்னாள். வீட்டிலேயே ஷைஜா இருக்கும்போது ஏன் வெளியில் போய்ப் புக் பண்ணினீர்கள் என்று நேசம்மாள் சாதாரணமாகத்தான் கேட்டாள்.

“அக்காவுக்கு ட்ரெயின் டிக்கெட் எல்லாம் நல்லா தெரியும் மாமி. இது வேற மாதிரியில்லா” என்றாள் ஷிஜி.

அவள் வேண்டுமென்று சொல்லவில்லை. ஆனாலும் ஷைஜா பாதிச் சோற்றிலேயே எழுந்து கை கழுவினாள். வீட்டுக்கு வந்ததும், அடுத்த ஜனவரியில் நாமும் போகிறோம், பாக்கேஜ் இல்லாமல், எல்லாம் நானே போடுவேன் என்று பெனிஷிடம் சொன்னாள். பெனிஷ் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை.

அதற்கப்புறம் பதினொரு மாதம் அவள் வேறு ஆளாகிவிட்டாள். ஷிஜி போன பாக்கேஜின் நோட்டீஸை எங்கிருந்தோ வாங்கிவந்து மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்தாள். ஷிஜி குல்மார்க்கில் தங்கியது ஒரு ராத்திரி என்றால் இவளுக்கு நான்கு. ஷிஜி பெரிய ஹோட்டலில் தங்கினாள் என்றால் இவளுக்குப் பனிச்சரிவுக்குப் பக்கத்திலேயே அறை. ஷிஜி அனுப்பியிருந்த ஒரு வீடியோவை எத்தனையோ முறை ஓட்டிப் பார்த்து ஒரு விஷயம் கண்டுபிடித்தாள்: ஷிஜி சறுக்கவே இல்லை. பலகைகளை மாட்டிக்கொண்டு நிற்கிறாள், ஒருவர் கையைப் பிடித்து நான்கடி இழுக்கிறார், அவ்வளவுதான். அன்று முழுக்க ஷைஜா உற்சாகமாக இருந்தாள். அன்றைக்கே குல்மார்க்கில் ஒரு பயிற்சியாளரைத் தேடிப் பிடித்து, தனக்குத் தெரிந்த இந்தியில் பேசி, மூன்று நாள் பயிற்சிக்கு ஏற்பாடு செய்தாள். ரோப் காருக்கும் நாளும் நேரமும் பார்த்து முன்னாலேயே சீட்டு எடுத்தாள்.

ஒரே ஒரு இடத்தில் பிசகினாள். திருவனந்தபுரத்திலிருந்து டெல்லிக்கு ஒரு கம்பெனியிலும், அங்கிருந்து ஸ்ரீநகருக்கு இன்னொரு கம்பெனியிலும் தனித்தனியாக டிக்கெட் போட்டாள். அப்படிப் போட்டால் செலவு குறைவு. நடுவில் இரண்டரை மணி நேரம் இருந்தது. போதும் என்று நினைத்தாள்.

போன ஜனவரியில் டெல்லியில் மூடுபனி. திருவனந்தபுரத்திலேயே விமானம் நான்கு மணி நேரம் தாமதம். டெல்லியில் இறங்கும்போது ஸ்ரீநகர் விமானம் போயேபோய்விட்டது. கவுண்டரில் இருந்த பெண் மரியாதையாகத்தான் சொன்னாள்: இரண்டும் வெவ்வேறு டிக்கெட், முதல் விமானம் பிந்தியதற்கு நாங்கள் பொறுப்பில்லை, புதிதாகத்தான் எடுக்கவேண்டும். மறுநாளைக்குத்தான் இடம் கிடைத்தது. குல்மார்க்கில் ஒரு நாள் அறை வாடகையும் போயிற்று, ரோப் கார் சீட்டும் போயிற்று.

அந்த விமான நிலையத்திலேயே மஞ்சள் தொப்பி போட்ட ஒரு கூட்டம் இருந்தது. பேச்சிலேயே தெரிந்தது, மார்த்தாண்டம் பக்கத்து ஆட்கள். அவர்களும் அதே விமானத்தைத் தவறவிட்டவர்கள்தான். ஆனால் அவர்களுடைய டூர் மேனேஜர் அங்குமிங்கும் ஓடிப் போன் பேசிக்கொண்டிருந்தார். அவர்கள் காலை நீட்டி உட்கார்ந்து பொட்டலம் பிரித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒரு அம்மா ஷைஜாவைப் பார்த்து, “நீங்க எந்த குரூப்பு மக்கா?” என்று கேட்டாள்.

“நாங்க தனியாட்டு வந்தோம்.”

“ஐயோ, அப்ப எல்லாம் நீங்களேயா பாக்கணும்? எங்களுக்கு ஒண்ணும் செய்யாண்டாம். அவியளே பாத்துக்கிடுவாவ.”

ஷைஜா கழிப்பறைக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டாள். ஷிஜியும் இப்படித்தான் காலை நீட்டி உட்கார்ந்திருப்பாள் என்று தோன்றியது. பெனிஷ் ஒரு வார்த்தை குற்றம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம் என்று பிற்பாடு கடையில் வைத்து என்னிடம் அவளே சொன்னாள்.

மறுநாள் ஸ்ரீநகரில் இறங்கியதும் போன்கள் செத்துப்போயின. வெளிமாநில ப்ரீபெய்ட் சிம் அங்கே வேலை செய்யாது என்பது அவளுக்குத் தெரியாமல் போயிற்று. நல்லவேளை, ஜெராக்ஸ் கடைக்காரி என்பதால் எல்லாவற்றையும் தாளில் எடுத்து வைத்திருந்தாள். கார் டிரைவருக்கு ஒரு தாள், ஹோட்டலுக்கு ஒரு தாள். பயிற்சியாளரின் எண்ணும் தாளில் இருந்தது. ஹோட்டல்காரரின் போனிலிருந்து கூப்பிட்டபோது அவர், நேற்றே உங்களை எதிர்பார்த்தேன், டெல்லி மூடுபனியால் வரவில்லை என்று புரிந்துகொண்டேன், நாளைக் காலை வாருங்கள் என்றார்.

ஹோட்டலில் நெட்டும் சரியாகக் கிடைக்கவில்லை. நான்கு நாட்களுக்கு வைத்திருந்த திட்டம் மூன்று நாளாகச் சுருங்கியது. அந்த மூன்று நாளும் ஷிஜிக்கு ஒரு படம்கூட அனுப்ப முடியவில்லை. முதல் நாள் அதுதான் அவளை வாட்டியது. பலகை மாட்டுவதற்குள்ளேயே மூன்று தடவை விழுந்தாள். சுஜி ஒரு மணி நேரத்தில் நிற்கப் பழகிவிட்டாள். இவளுக்கு நாள் முழுக்க ஆயிற்று. மகள்மேலும் கொஞ்சம் பொறாமை வந்ததாகப் பெனிஷிடம் ஒத்துக்கொண்டாள்.

மூன்றாம் நாள் காலையில் ஒரு சின்னச் சரிவின் மேலிருந்து பயிற்சியாளர் கையை விட்டுவிட்டார். ஷைஜா தனியாகக் கீழே வந்தாள். முப்பது மீட்டர் இருக்கும். வந்து நின்றாள், விழவில்லை. நாற்பத்தொரு வயதில் அப்படி ஒரு வேகத்தை அவள் உடம்பு அறிந்ததில்லை. மறுபடி ஏறினாள். மறுபடி வந்தாள்.

ஐந்தாவது தடவை இறங்கியபோது மஞ்சள் தொப்பிகள் அங்கே நின்றன. ஸ்ரீநகரிலிருந்து ஒரு நாள் பயணமாக வந்திருந்தார்கள். டெல்லியில் பேசிய அதே அம்மாவுக்குப் பலகையை மாட்டி, படம் எடுத்து, கழற்றிக்கொண்டிருந்தார்கள். அரை மணி நேரத்தில் பஸ் கிளம்புகிறது என்று மேனேஜர் கூப்பிட்டார். அந்த அம்மா போகாமல் ஷைஜாவைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“உங்களுக்கு எத்தன நாளு?”

“மூணு நாளு.”

அந்த அம்மா ஷைஜாவின் காலில் இருந்த பலகைகளைப் பார்த்தாள். அந்தப் பார்வை ஷைஜாவுக்கு நன்றாகத் தெரியும். ஒரு வருடமாகத் தன் முகத்திலேயே இருந்த பார்வை அது. இதைச் சொன்னபோது, அந்த அம்மாவைப் பார்க்கப் பரிதாபமாக இருந்ததா என்று நான் கேட்டேன். இல்லை, சந்தோஷமாகத்தான் இருந்தது என்றாள்.

ஊருக்கு வந்ததும் வீடியோக்களைக் குழுவில் போட்டாள். ஞாயிற்றுக்கிழமை நேசம்மாள் வீட்டில் ஷிஜி அவற்றை ஒலியில்லாமல் இரண்டு தடவை பார்த்தாள். பிறகு அந்தப் பயிற்சியாளரின் எண் வேண்டும் என்றாள். தாள் எங்கேயோ கிடக்கிறது, தேடித் தருகிறேன் என்றாள் ஷைஜா. தாள் கடையில் மேல் இழுப்பறையில் இருந்தது. மூன்று வாரம் அவள் தேடவே இல்லை.

நான்காவது வாரம் ஷிஜி கடைக்கு வந்தாள். உள்ளே வராமல், முன்னால் நின்ற இரண்டு பேருக்குப் பின்னால் வரிசையில் நின்றாள். முறை வந்ததும் சொன்னாள்: “அக்கா, அடுத்த வருசம் அபினுக்க லீவுக்கு எங்களுக்கு டிக்கெட் போட்டுத் தரணும். பாக்கேஜ் வேண்டாம்.”

ஷைஜா கணினியையே பார்த்துக்கொண்டிருந்தாள். “பாக்கேஜ்ல ஒரு பாடும் இல்லன்னு நீதானே சொன்ன?”

“பாடு இல்லதான். அந்தப் பலகை எனக்க கால்ல பத்து நிமிசம் கூட இருக்கல்ல. போட்டோ எடுத்த ஒடனே கழத்திட்டாவ. இன்னும் கொஞ்சம் நேரம்னு கேட்டேன், பஸ்ஸுல எல்லாரும் இருக்காவன்னு சொன்னாவ. எனக்கு அழுகையா வந்து.”

ஷைஜா இழுப்பறையைத் திறந்து தாளை எடுத்து அவள் முன்னால் வைத்தாள். பிறகு டிக்கெட் போட உட்கார்ந்தாள். இந்தத் தடவை திருவனந்தபுரத்திலிருந்து ஸ்ரீநகர் வரை ஒரே டிக்கெட்டாகப் போட்டாள், ஒரு விமானம் பிந்தினால் கம்பெனியே அடுத்ததில் ஏற்றிவிடும்படி. அங்கே வேலை செய்யும் போஸ்ட்பெய்ட் சிம் ஒன்று வாங்கிவைக்கச் சொன்னாள். ரோப் காரை வந்திறங்கும் நாளில் வைக்காமல் மூன்றாவது நாளில் வைத்தாள். தனக்கு அமையாத எல்லாமே ஷிஜிக்குச் சரியாக அமைந்தன. அதைத் தன் கையாலேயே செய்வது பெரிய கொடுமையாக இருந்தது என்றாள்.

இந்த ஜனவரியில் ஷிஜி போனாள். முப்பத்திரண்டு வயதுக்காரி. இரண்டாம் நாளே ஷைஜா இறங்கியதைவிடப் பெரிய சரிவில் இறங்கிவிட்டாள். வீடியோ உடனுக்குடன் வந்தது.

இப்போது காஷ்மீர் போக வழி கேட்டுத் தக்கலையிலிருந்துகூட ஆட்கள் கடைக்கு வருகிறார்கள். வயசானவர்களும் கைக்குழந்தையும் இருந்தால் பாக்கேஜே எடுங்கள் என்று சொல்லி அனுப்பிவிடுகிறாள். சறுக்கப் பழகவேண்டும் என்பவர்களைத்தான் உட்காரவைத்துப் பேசுகிறாள். பொறாமை தீர்ந்ததா என்று பெனிஷ் ஒரு நாள் கேட்டான். தீரவில்லை என்றாள். அடுத்த தடவை இரண்டு குடும்பமும் சேர்ந்து போகலாமா என்று ஷிஜி கேட்டிருக்கிறாள். ஷைஜா இன்னும் பதில் சொல்லவில்லை.