மெத்தைச் சண்டையில் சேர்ந்த பறக்கும் நேரம்

கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளியில் பத்து வருடம் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து "கிளட்ச்! கிளட்ச்!" என்று கத்தியதால் அவளுக்குக் கிளட்ச் அக்கா என்றே பேர் நிலைத்துவிட்டது. முப்பத்தாறு வயதில் விமானி உரிமம் வாங்கினாள். வாங்கிய கையோடு சரக்கு விமானக் கம்பெனிக்குப் போனாள். அங்கிருந்த குமாஸ்தா அவளுடைய பறப்புப் பதிவேட்டைப் புரட்டிவிட்டு மூடினார்.

"இருநூத்திப் பத்து மணி நேரம்தான் பறந்திருக்கீங்க. ஐநூறு வேணும்மா."

"வேலை குடுத்தாத்தானே சார் பறக்க முடியும்?"

"பறந்தாத்தானேம்மா வேலை குடுக்க முடியும்?"

இரண்டு பேர் சொன்னதிலும் நியாயம் இருந்தது.

கடைசியில் அவளுக்குக் கிடைத்தது, ஆள் உயரத் துணி எழுத்துகளைக் கோத்து, சின்ன விமானத்தின் வாலில் கட்டி, ஊருக்கு மேலே இழுத்துப் போகும் விளம்பர வேலை. வாரத்துக்கு ஒரு விளம்பரம் வந்தாலே அதிகம். இந்த வேகத்தில் ஐநூறைத் தொடுவதற்குள் தலை முழுக்க நரைத்துவிடும் என்று அவளுக்குப் புரிந்தது.

அப்போதுதான் கடைவீதி மெத்தைக் கடைக்காரர் ஒரு வாசகம் எழுதித் தந்தார்: 'எங்கள் மெத்தையில் படுத்தால் எழவே மாட்டீர்கள்!'

கிழிந்த எழுத்துகளைக் கூடத்தில் விரித்துத் தைத்துக்கொண்டிருந்த அவளுடைய தையல்காரக் கணவர் அதைப் படித்துவிட்டு ஊசியைக் கீழே வைத்தார்.

"இது மெத்தைக் கடையா, சவப்பெட்டிக் கடையா? அவர்கிட்ட சொல்லிடலாமா?"

"வாயைத் தொறக்காதீங்க" என்றாள் அக்கா.

மறுநாள் வீதியே அண்ணாந்து பார்த்துச் சிரித்தது. தரையிறங்கியதும் அவள் நேரே அந்தக் கடைக்கு எதிரே இருந்த இன்னொரு மெத்தைக் கடைக்குப் போய் ஒரு தலையணை விலை கேட்டாள். "அவங்க மட்டும் வானத்துல பேசறாங்க, நீங்க சும்மா இருக்கீங்களே" என்று போகிற போக்கில் சொல்லிவைத்தாள்.

இரண்டே நாளில் பதில் பறந்தது: 'எங்கள் மெத்தையில் படுத்தால் காலையில் உயிரோடு எழுவீர்கள்!'

அப்புறம் கேட்க வேண்டுமா? 'பேச்சை விடு, பஞ்சைப் பார்!' என்றது ஒரு கடை. 'அது பஞ்சா, வைக்கோலா?' என்றது மற்றது. சண்டை ஆறுகிற மாதிரி தெரிந்தால் அக்கா இன்னொரு தலையணை வாங்கப் போவாள். "இவங்களுக்கு 'ஞ்' இல்லாம சண்டை போடவே தெரியாதா?" என்று புலம்பியபடி கணவர் அந்த ஓர் எழுத்தையே நான்கு முறை தைத்தார்.

எட்டு மாதத்தில் ஐநூற்று மூன்று மணி நேரம்.

சரக்குக் கம்பெனியின் தலைமை விமானி பதிவேட்டைப் பார்த்தார். "இந்த முன்னூறு மணி நேரமும் என்ன பண்ணீங்க?"

"ரெண்டு கடைக்காரங்களுக்குச் சண்டை மூட்டினேன் சார்."

அவர் சிரிக்கவில்லை. ஓட்டிக் காட்டச் சொல்லி வெளியே அழைத்துப்போனார். ஏற்றிய மூட்டைகளின் எடைப் பட்டியல் சரியாக இருந்தது. ஆனால் விமானத்தின் வால் தாழ்ந்து, மூக்குச் சக்கரம் தரையில் பட்டும் படாமலும் நின்றது.

"ஏறுங்க, நேரமாச்சு."

"ஏற மாட்டேன் சார்."

"வேலை வேணாமா?"

எட்டு மாத உழைப்பு அக்காவின் கண்முன்னே வந்து போனது. "வேணும். ஆனா பின்னாடி கனம் அதிகமா இருக்கு. இறக்கினாத்தான் ஏறுவேன்."

அவர் பின்கதவைத் திறந்து தார்ப்பாயை விலக்கினார். பட்டியலில் இல்லாத இரண்டு தண்ணீர் பீப்பாய்கள்.

"இதுவரைக்கும் ஏழு பேர் வந்தாங்க. ரெண்டாயிரம் மணி நேரம் பறந்தவர்கூட 'சரி சார்'னு ஏறி உக்காந்துட்டார்."

"நானும் ஏறியிருந்தா?" அக்காவுக்குக் கோபமே வந்துவிட்டது.

"சாவி என் பாக்கெட்ல இருக்கு."

பீப்பாய்களை இறக்கிவிட்டுப் பறந்தார்கள். இறங்கும்போது விமானம் இரண்டு தடவை துள்ளியது. "பரவாயில்ல, சரக்கு புகார் எழுதாது" என்றபடி அவர் வேலை உத்தரவில் கையெழுத்துப் போட்டார்.

பயிற்சியெல்லாம் முடிந்து ஒரு திங்கட்கிழமை காலை, மருந்துப் பெட்டிகளோடு அவள் தனியாகக் கிளம்பினாள். மேலே ஏறியதும் சந்தோஷம் தாங்காமல் ஒரு முழுப் பாட்டையும் உரக்கப் பாடினாள். பாடி முடித்து, தன்னை அறியாமல் அழுத்திப் பிடித்திருந்த ரேடியோ பொத்தானிலிருந்து கையை எடுத்ததும் கட்டுப்பாட்டு அறையிலிருந்து குரல் வந்தது.

"மேடம், மைக் ஆன்ல இருந்துச்சு. ரெண்டாவது சரணத்துல சுதி போயிருச்சு."