ஒரகடத்தில் ஒரு நாள்: பிரேக் ஹோஸும் மஞ்சள் கோடும்

ஏழு மாதமாக என் ஜீப்பின் இடது சீட் காலி. அதில் உட்கார வேண்டியவர் என் கணவர் தாமோதரன். ஜவ்வாது மலையில் ஒரு மண்பாதை இறக்கத்தில் முன்சக்கரத்தின் பிரேக் ஹோஸ் கிழிந்து, மிதித்த பெடல் அடியோடு உள்ளே போய்விட்டது. கியரைக் குறைத்து, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, மண்மேட்டில் முட்டி நிறுத்தினேன். யாருக்கும் அடியில்லை. வீட்டுக்கு வந்ததும், "இந்த வண்டில இனிமே நான் ஏற மாட்டேன்" என்றார் தாமு. சொன்னபடியே இருந்தார் மனிதர். குன்றத்தூர் காய்கறிக் கடைக்குக்கூட நான் ஜீப்பில், அவர் பின்னால் பைக்கில்.

நான் பிடிவாதக்காரி. அதே இறக்கத்தை, இவரைப் பக்கத்தில் உட்காரவைத்து இறங்கியே தீருவது என்று முடிவு செய்தேன். அதற்காகப் போன புதன்கிழமை லீவு போட்டுப் போன பயணம் இது. ஒருவழி 24 கிலோமீட்டர்தான். இதெல்லாம் ஒரு பயணமா என்று சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள்.

புதிதாகப் படிப்பவர்களுக்காக ஒரு விளக்கம். மேடுபள்ளத்தில் சக்கரம் நன்றாக ஏறி இறங்கட்டும் என்று நீளமான ஸ்பிரிங் போட்டிருக்கிறேன். சக்கரம் முன்பைவிட நாலு அங்குலம் கூடுதலாகத் தொங்கும். பிரேக் ஆயிலைச் சேஸிஸ் என்கிற அடிச்சட்டத்திலிருந்து சக்கரத்துக்குக் கொண்டுபோகும் ரப்பர் குழாய்தான் ஹோஸ். சக்கரம் கூடுதலாகத் தொங்கினால் ஹோஸும் நீளமாக வேண்டும், அது போகும் வழியும் மாற வேண்டும். மலையில் கிழிந்ததற்குப் பதிலாகப் பழைய அளவிலேயே ஒன்று போட்டு ஓட்டிக்கொண்டிருந்தேன். தார் ரோட்டுக்கு அது போதும், மலைக்குப் போதாது.

காலை 7.10க்குக் கிளம்பினேன். மணிமங்கலத்தில் நாலு இட்லி, ஒரு டீ, 55 ரூபாய். அதற்குப் பிறகு கம்பெனி பஸ்களின் பின்னால் மாட்டிக்கொண்டால் அவ்வளவுதான், ஊர்ந்துதான் போக வேண்டும். ஒரகடம் ஷெட்டுக்குப் போய்ச் சேர 8.25.

ஷெட்டை வைத்திருப்பவர் இசக்கிமுத்து. சங்கரன்கோவில் பக்கத்துக்காரர். பக்கத்திலேயே ஒரு வண்டித் தொழிற்சாலையில் பிரேக் பைப் மாட்டும் வேலை. புதன்கிழமை அவருக்கு வார விடுமுறை, அன்றைக்கு இந்த ஷெட் வேலை. கிழிந்த ஹோஸையும் கையோடு கொண்டுபோயிருந்தேன். வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"யக்கா, இத எதுல கட்டியிருந்திய?"

"டயர்ல உரசக் கூடாதுன்னு ஸ்பிரிங்ல பிளாஸ்டிக் டேக் போட்டுக் கட்டினேன்."

"அதான் வென. பாதிய இழுத்துக் கட்டிட்டா மிச்சப் பாதி எம்புட்டு தூரந்தான் நீளும்? கட்டுன எடத்துலயே பிஞ்சிருக்கு பாருங்க. ஹோஸ் மேல குத்தமில்ல."

முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. ஹோஸ் தரமில்லை என்று போன பதிவில் பத்தி பத்தியாகத் திட்டியிருந்தேன். அதை நீக்கிவிட்டேன். தப்பு முழுக்க என்னுடையது.

வெட்கப்பட்டு என்ன ஆகப் போகிறது, வேலையில் இறங்கினோம். சேஸிஸை ஜாக்கியில் தூக்கிச் சக்கரத்தைத் தொங்கவிட்டு, ஒரு கயிற்றை வைத்துப் புது வழியை அளந்தார். ஹோஸைச் சேஸிஸோடு பிடிக்கும் தகடு கீழே இறங்கிக் கொஞ்சம் பின்னால் போனது. இரண்டு முன்சக்கரத்துக்கும் நீளமான ஹோஸ், புதுச் செம்பு வாஷர். பிடிப்பதும் துடைப்பதும் என் வேலை. ஒன்றரை மணிக்கு முடிந்தது. முறுக்கிய போல்ட் சரியாக இருக்கிறது என்று காட்ட அதில் மஞ்சள் கோடு போடும் பெயிண்ட் மார்க்கர் ஸ்டூலில் இருந்தது. எடுத்து நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

"முறுக்குனவன் மார்க் போடக் கூடாதுக்கா. கம்பெனி லைன்ல அப்படித்தான். வேற ஆளு செக் பண்ணிட்டுத்தான் போடணும்."

"நான் போடுறேனே?"

"நீங்களும் கூட நின்னு மாட்டுனியள்லா? பக்கத்து சீட்ல யாரு உக்காருவா? அவியளக் கூப்பிடுங்க."

தாமு ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் தரச் சோதனையில் இருக்கிறார். ஏழு மாதமாக ஹோஸைக் குறை சொன்ன வாயால் போனில் சொன்னேன்: "ஹோஸ் மேல தப்பில்ல. நான் கட்டினதுதான் தப்பு." அந்தப் பக்கம் மிஷின் சத்தத்துக்கு நடுவே, "மூணு மணிக்கு ஷிப்ட் முடியும். வரேன்."

3.40க்குப் பைக்கில் வந்தார். ஹோஸ்களின் நாலு போல்ட்டிலும் ஸ்பேனர் வைத்துப் பார்த்தார். பிறகு, மேட்டில் ஏறும்போது இருப்பதுபோல, சக்கரங்களைத் தாங்கும் ஆக்ஸிலை ஜாக்கியால் முழுக்க மேலே ஏற்றச் சொல்லிவிட்டு, அட்டை விரித்து அடியில் படுத்தார்.

"ஸ்டீரிங்க ரைட்ல முழுசா ஒடி."

ஒடித்தேன்.

"லெப்ட்ல." ஒடித்தேன். "இன்னா இது? டயரு ஹோஸத் தொட்டுகினு கீதே!"

இசக்கிமுத்து தலையில் கை வைத்துக்கொண்டார். "ஆமாண்ணே. தொங்கும்போது ரெண்டு பக்கமும் ஒடிச்சுப் பாத்தோம். மேல தூக்குனப்ப நேரா மட்டும் பாத்துட்டோம்."

எனக்கு அழுகை வந்துவிட்டது, கோபத்தில். அதற்காக விட்டுவிட முடியுமா? திரும்பவும் கழற்றினோம். தகட்டை இரண்டு விரல் உள்ளே தள்ளி, மறுபடி மாட்டி, பிரேக்கிலிருந்து காற்றை எடுத்து முடித்தபோது 5.35. தாமு மறுபடியும் அடியில் படுத்தார். இந்தமுறை நாலு மஞ்சள் கோடுகளும் விழுந்தன. ஷெட்டுக்குப் பின்னால் உள்ள சரிவில் பத்து முறை இறங்கி இறங்கி நிறுத்தினேன். பெடல் கல் மாதிரி நின்றது.

இதே வேலையைச் செய்யப்போகிறவர்களுக்கு: ஹோஸ் இரண்டும் 3,200, வாஷரும் ஆயிலும் 610, கூலி 1,500. ஒரு முழு நாள் ஒதுக்குங்கள். சக்கரம் கீழே தொங்கும்போதும் மேலே ஏறியிருக்கும்போதும், இரண்டு நிலையிலும் ஸ்டீரிங்கை இரண்டு பக்கமும் கடைசிவரை ஒடித்துப் பாருங்கள். ஹோஸை ஸ்பிரிங்கில் கட்டாதீர்கள். மாட்டியவரே சோதிக்க வேண்டாம். உங்களோடு வரப்போகிறவரைப் பார்க்கச் சொல்லுங்கள், அவருக்குத்தான் அக்கறை அதிகம்.

காசு கொடுத்துவிட்டுத் திரும்பினால் தாமு ஜீப்புக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தார். கையில் ஸ்பேனர். இடது சீட்டின் நாலு போல்ட்டிலும் ஈரம் காயாத மஞ்சள் கோடு.

"தம்பி, பைக்கு இங்கியே இருக்கட்டும். நாளிக்கி நான் கம்பெனி பஸ்ல போய்க்கிறேன்" என்று இசக்கிமுத்துவிடம் சொல்லிவிட்டு, ஏறி உட்கார்ந்து பெல்ட்டை மாட்டிக்கொண்டார்.