பை முதலில் புறப்பட்டது

எங்கள் வீட்டில் வெளியே போவதென்றால் முதலில் கைத்தொலைபேசியில் ஒரு குழு தொடங்குவார்கள். மூன்று அறைக்குள் இருக்கிறவர்களுக்குக் குழு எதற்கு என்று கேட்டேன். அந்தச் சனிக்கிழமைக்காக மருமகள் நாற்பத்தொரு செய்திகள் அனுப்பியிருந்தாள். பட்டம் விடுவதைப் பற்றிப் பன்னிரண்டு, உடுப்பைப் பற்றிப் பத்தொன்பது, சாப்பாட்டைப் பற்றி ஒன்பது, வெயிலைப் பற்றி ஒன்று. அந்த ஒன்றும் ஒரு மஞ்சள் வட்டம். அது சிரித்துக்கொண்டிருந்தது.

பேத்திக்கு ஆறு வயது. இரண்டு மாதங்களுக்கு முன் பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டியில், வெயிலில் வரிசையில் நின்றபடியே மயங்கி விழுந்தவள். டொக்டர் சொன்னதை அன்றைக்கே டயரியில் எழுதினேன். ஒன்பது மணிக்குப் பிறகு திறந்த வெளி கூடாது. தொப்பி வேண்டும். இருபது நிமிடத்துக்கு ஒரு தரம் தண்ணீர். இன்னொரு முறை விழ விடாதீர்கள் என்று அவர் சொன்னபோது தாயும் தகப்பனும் அதே அறையில்தான் இருந்தார்கள். எழுதியது நான் மட்டும்.

அவர்கள் தெரிவு செய்த இடமோ கொழும்பின் காலிமுகத்திடல். கடல், காற்று, புல். நிழல் கிடையாது. ஓரத்துத் தென்னைகள் தங்களுக்கே நிழல் காணாதவை. சரி, ஆறரைக்குப் புறப்பட்டு ஒன்பதுக்குள் வெள்ளவத்தை வீட்டுக்குத் திரும்பிவிட வேண்டும் என்றேன். எல்லாரும் ஓம் என்றார்கள்.

மகன் எழும்பியது ஏழு நாற்பதுக்கு. பேரனின் சப்பாத்தில் ஒன்றைக் காணவில்லை. மருமகள் உடுப்பை மூன்று தரம் மாற்றினாள். எட்டரைக்குத்தான் அவளுக்கு நாட்காட்டி கண்ணில் பட்டது.

"ஐயோ, ஒன்பதுக்கு ராகு காலம் தொடங்குது. இவர் இன்னும் குளிக்கேல்ல."

"அப்ப போக வேண்டாம்," என்றேன். "பத்தரைக்குப் பிறகு அந்தப் பிள்ளையைக் கொண்டு போறது பாவம்."

"பத்தரை வரைக்கும் ஆர் பார்த்துக்கொண்டு இருக்கிறது? ஒரு பையைக் கீழ் வீட்டில வைச்சிட்டு வாங்கோ மாமா. பை வெளிக்கிட்டா நாங்கள் வெளிக்கிட்ட மாதிரித்தான்."

நல்ல நேரத்தில் ஒரு பொருளை வேறு வீட்டில் வைத்துவிட்டால் பயணம் தொடங்கியதாகக் கணக்கு. பிறகு எந்த நேரத்திலும் புறப்படலாம். வங்கியில் வேலை செய்கிற பெண் அவள்.

கைக்கு அகப்பட்டது நான் கட்டிய பை. தண்ணீர்ப் போத்தல் நான்கு, தொப்பி இரண்டு, குடை ஒன்று, நனைத்துப் பிழிந்த துவாய் ஒன்று. எட்டு ஐம்பதுக்கு அதை மூன்றாம் மாடிக்குக் கொண்டுபோனேன். அங்கே இருப்பது ஒரு முஸ்லிம் குடும்பம். வீட்டுக்காரம்மா கதவைத் திறந்து சிரித்தார்.

"என்ன சேர், பை மட்டும் ட்ரிப் போகுதா?"

"என்ர மருமகளைக் கேளுங்கோ," என்றேன்.

ஒன்பது ஐம்பதுக்குத்தான் ஐந்து பேரும் லிப்டுக்குள் ஏறினோம். நான் பைகளை எண்ணினேன். மூன்று. வீட்டில் கட்டியதும் மூன்று. மூன்றாவது மருமகளின் கைப்பை என்பதை நான் பார்க்கவில்லை. எண்ணிக்கை சரியாக வந்ததும் என் மனம் அங்கேயே நின்றுவிட்டது. லிப்ட் மூன்றாம் மாடியைத் தாண்டி இறங்கியது.

காலிமுகத்திடலில் ஓட்டோவை விட்டு இறங்கியபோது பத்து இருபது. பேரன் பட்டத்தோடு ஓடினான், மகன் நூலோடு ஓடினான். நான் தொப்பியைத் தேடினேன்.

"தண்ணிப் பை எங்க?"

"நீங்கள்தானே கொண்டு போனீங்கள்?" என்றாள் மருமகள்.

"வைக்கச் சொன்னது நீ."

"எடுக்க வேண்டாமெண்டு சொன்னனானா?"

"அப்பா, வந்த இடத்தில சண்டை பிடியாதேங்கோ," என்று மகன் தூரத்திலிருந்து கத்தினான். "பத்து நிமிஷம். பட்டம் ஏறினவுடன போவம்."

அவனுடைய பத்து நிமிடத்தை நாற்பது வருடமாக எனக்குத் தெரியும். பேத்தியை எனக்கும் சூரியனுக்கும் நடுவில் வராமல், என் நிழல் விழும் பக்கத்தில் நிறுத்தினேன். அந்த நேரத்து நிழல் அவளுடைய தலைக்கும் ஒரு தோளுக்கும்தான் போதும். அவள் அதிலும் நிற்கவில்லை. தமையனின் பட்டத்தைப் பார்க்க ஓடி ஓடிப் போனாள்.

"தலை சுத்துதோ?"

"இல்லை அப்பப்பா."

"வாய் காயுதோ?"

"இல்லை."

கன்னம் செங்கல் நிறம். கண்ணிமை கனத்திருந்தது. பதினேழாவது நிமிடத்தில் அவள் ஓடுவதை நிறுத்தினாள். அதற்குப் பிறகு நான் யாரையும் கேட்கவில்லை. கையைப் பிடித்து வீதிப் பக்கமாக இழுத்துக்கொண்டு நடந்தேன். "விடுங்கோ, பட்டம் இன்னும் ஏறேல்ல!" என்று அழுதாள். பிறகு அழுகை நின்றது. கை கனத்தது. செவ்விளநீர் வண்டிக்குப் பக்கத்தில் அவளுடைய முழங்கால் மடிந்தது. விழுமுன் பிடித்துவிட்டேன்.

"மல்லி, வத்துர!" தம்பி, தண்ணீர் என்று வண்டிக்காரனைப் பார்த்துச் சிங்களத்தில் கத்தினேன்.

அவன் தன் குடைக்குக் கீழே இடம் ஒதுக்கி, ஒரு வாளித் தண்ணீரை அள்ளி அவள் தலையில் ஊற்றினான். செவ்விளநீரை வெட்டி வாயில் வைத்தான். இந்த வெயிலுக்குள் பிள்ளையைக் கொண்டுவரக் கூடாதென்று தெரிய உமக்கு இந்த வயது போதாதா என்று சிங்களத்தில் என்னை ஏசினான். சரியான ஏச்சு. அது போகவேண்டிய இரண்டு பேரும் அப்போதுதான் ஓடி வந்துகொண்டிருந்தார்கள்.

"ஏன் பிள்ளை தலை சுத்துதெண்டு சொல்லேல்ல?" என்று தாய் அழுதாள்.

"சொன்னா வீட்டை போகவேணும்," என்றாள் பேத்தி.

உடனேயே ஓட்டோ பிடித்து வீட்டுக்குத் திரும்பினோம். பின்னேரம் அவள் தேறிவிட்டாள். ஆனால் அவளுடைய கோபம் தாயோடும் இல்லை, தகப்பனோடும் இல்லை. பட்டம் ஏறமுன் கையைப் பிடித்து இழுத்தவன் நான். இரவுச் சாப்பாட்டில் எனக்கு முன்னால் இருக்க மறுத்துவிட்டாள்.

"அடுத்த முறை அப்பப்பா வரக்கூடாது," என்றாள்.

மருமகள் சிரித்தாள். "அதுவும் நல்ல யோசனைதான்."

"நான் வராட்டி நீயும் போறேல்ல," என்றேன் பேத்தியிடம். "போறதெண்டா ஆறரைக்கு. உன்ர அப்பா நித்திரையெண்டா நாங்கள் ரெண்டு பேரும்."

அவள் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டு சோற்றைப் பிசைந்தாள்.